பெயர் பெறாத பிள்ளை

நான் அந்த நூலைக் கையில் எடுத்ததற்கு இலக்கிய ஆர்வம் காரணம் அன்று. ஒரு பந்தயமே காரணம்.

டிசம்பர் மாதத்து இரவு. வடநாட்டுக் குளிர் எப்படிப்பட்டது என்று இம்மலரைப் படிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதி அறையில் நாங்கள் நால்வர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேய்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் தம் பாட்டி சொன்ன புளியமரத்துப் பேயை அழைத்து வந்தார். மற்றொருவர் தம் ஊர்ச் சுடுகாட்டுக் கொள்ளிவாய்ப் பிசாசை அழைத்து வந்தார். ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர் மட்டும் சிரித்தார். இந்தப் பேய்களெல்லாம் வேப்பிலையைக் கண்டால் ஓடிவிடும். மேரி ஷெல்லி எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை நள்ளிரவில் தனியே படித்தால்தான் அச்சம் என்பது இன்னதென்று தெரியும் என்றார். ஒரே இரவில் அதைப் படித்து முடிப்பவருக்கு ஒரு வாரத்துத் தேநீர்ச் செலவு தம்முடையது என்றும் சொன்னார். தேநீருக்கு ஆசைப்பட்டு நூலை வாங்கிக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

பொழுது புலரும்போது நூல் முடிந்தது. பந்தயத்தில் வென்றேன். ஆனால் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த அச்சம் வரவே இல்லை. அதற்குப் பதிலாக நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

காலையில் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் நண்பர்கள் கதை கேட்டார்கள். சொன்னேன். விக்டர் பிராங்கன்ஸ்டைன் ஜெனீவா நகரத்து இளைஞன். நம்மைப்போல் வீட்டை விட்டுத் தொலைவில், இங்கோல்ஷ்டாட் பல்கலைக்கழகத்தில் பயில்பவன். உயிர் எங்கிருந்து தோன்றுகிறது என்ற கேள்வி அவனைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்குக் கடிதம் எழுதவும் மறந்து உழைக்கிறான். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து எட்டடி உயர உருவம் ஒன்றைச் செய்கிறான். நவம்பர் மாதத்து மழை இரவில் அதற்கு உயிர் வருகிறது. அது தன் மஞ்சள் நிறக் கண்ணைத் திறக்கிறது. அதன் கோரத்தைக் கண்டதும் விக்டர் ஓடிப்போய்ப் படுக்கையறையில் விழுகிறான். அது அவனைத் தேடிக்கொண்டு வருகிறது. படுக்கையின் திரையை விலக்குகிறது. ஏதோ சொல்ல முயன்று, ஒரு கையை நீட்டுகிறது. விக்டர் மறுபடியும் ஓடிவிடுகிறான்.

அதன் பிறகு நடந்ததையும் சொன்னேன். காட்டில் குளிரிலும் பசியிலும் அலைந்ததைச் சொன்னேன். ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவரின் இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்துப் பார்த்தே அவன் பேசக் கற்றதைச் சொன்னேன். முதலில் அவர்களுடைய உணவைத் திருடித் தின்றவன், அவர்களே அரைவயிறு உண்பவர்கள் என்று அறிந்ததும் அதை விட்டுவிட்டு, காட்டுக் கிழங்கைத் தின்றுகொண்டு, இரவில் அவர்களுக்காக விறகு வெட்டி வாசலில் வைத்தான். அந்த வீட்டுக் கிழவருக்குக் கண் தெரியாது. எல்லாரும் வெளியே போன நாளில் அவன் துணிந்து உள்ளே போனான். உருவத்தைக் காண முடியாத கிழவர் அவனை அன்போடு அமரச் சொன்னார். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், கண்டார்கள், மகன் தடியை எடுத்து அடித்தான். ஒரே அடியில் அவனை வீழ்த்தும் வலிமை இருந்தும் அவன் திருப்பி அடிக்காமல் வெளியே போனான்.

இந்த இடத்தில் நண்பர் என்னை நிறுத்தினார். தொடக்கத்தில் அது, அது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இப்போது அவன், அவன் என்கிறாயே, எந்த இடத்தில் மாறினாய் என்று கேட்டார்.

எனக்கே தெரியவில்லை. உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் இப்படி ஒரு நாள் தேநீர்க் கடையில் என்னை மடக்கும் என்று நினைத்ததில்லை. நானாக எண்ணி மாற்றவில்லை. விறகு வெட்டி வைத்த இடத்தில் நாக்கு தானாகத் திரும்பிவிட்டது. பிறகுதான் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. அவன், அது என்று நாம் தடுமாறுவதற்குக் காரணம், அவனுக்குப் பெயர் இல்லை. உலகமே அவனைப் பிராங்கன்ஸ்டைன் என்று அழைக்கிறது. அது செய்தவனுடைய பெயர், செய்யப்பட்டவனுடையது அன்று. போரிஸ் கார்லாஃப் நடித்த 1931-ஆம் ஆண்டுப் படத்தில் சதுரத் தலையும் கழுத்தில் இரும்பும் கொடுத்து, அவனுடைய பேச்சைப் பறித்துக்கொண்டார்கள். நாவலிலோ அவன் வழக்கறிஞரைப் போல் வாதாடுகிறான். மில்ட்டனையும் புளுட்டார்க்கையும் படித்திருக்கிறான். எல்லாம் இருந்தும் கடைசிப் பக்கம் வரையில் ஒருவரும் அவனுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை.

பேய்க்கதை எழுத வந்தவர் இதை ஏன் இப்படி எழுதினார் என்ற கேள்வி என்னை விடவில்லை. அன்று மாலையே நூலகத்துக்குப் போய் மேரி ஷெல்லியின் வாழ்க்கையைத் தேடினேன். அங்கே கண்டவற்றைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

மேரி 1797-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை வில்லியம் காட்வின், அரசுகளையும் திருமண முறையையும் கேள்வி கேட்டு எழுதிய சிந்தனையாளர். தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணுரிமைக்காக 1792-இல் புகழ்பெற்ற நூலை எழுதியவர். பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி முழுவதும் வெளிவரவில்லை. மருத்துவர் கையால் அதை அகற்றினார். கிருமி என்பதை அக்காலத்து மருத்துவம் அறியாது. காய்ச்சல் கண்டு, செப்டம்பர் 10-ஆம் நாள் தாய் இறந்தார். குழந்தைக்கு வயது 11 நாள். பிறந்ததனாலேயே பெற்றவளை இழந்த பிள்ளை.

தாயைப் புனித பாங்க்ராஸ் கோயில் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையின் எழுத்துகளைத் தடவித் தடவித்தான் சிறுமி மேரி எழுத்துக் கற்றார் என்று சொல்வது வழக்கம். அந்தக் கல்லில் வெட்டியிருந்த பெயர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் காட்வின். சிறுமியின் பெயரும் அதுவே. தன் பெயரைத் தாயின் கல்லறையில் படித்தவர் அவர்.

1801-இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தாய்க்கும் மேரிக்கும் ஒத்துவரவில்லை. முறையான பள்ளிப் படிப்பும் அவருக்கு அதிகம் இல்லை. தந்தையின் நூலகமே பள்ளி. வீட்டுக்கு வரும் கவிஞர் கோல்ரிட்ஜ் போன்றோரின் பேச்சே பாடம். 1812-இல் அவரை ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துக்கு அருகே ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்க அனுப்பினார்கள். கடலும் மலையும் பார்த்து அவர் கனவு காணத் தொடங்கியது அங்கேதான்.

1814-இல் இலண்டன் திரும்பியவர் கவிஞர் பெர்சி ஷெல்லியைக் கண்டார். ஷெல்லி காட்வினின் மாணவர் போல அந்த வீட்டுக்கு வந்து போனவர். வயது 21, ஏற்கெனவே மணமானவர், மனைவி ஹேரியட் கருவுற்றிருந்தார். மேரிக்கு வயது 16. இருவரும் தாயின் கல்லறையருகே சந்தித்துப் பேசினார்கள். ஜூலை 28-ஆம் நாள் விடியற்காலையில் பிரான்சுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மாற்றாந்தாயின் மகள் கிளேரும் உடன் சென்றார். திருமணம் என்னும் ஏற்பாட்டையே நூலில் கண்டித்த காட்வின், தம் மகள் அவ்வாறு வாழப் புறப்பட்டதும் கதவை அடைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மகளின் முகத்தில் விழிக்கவில்லை.

1815-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் மேரிக்கு ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. மார்ச்சு 6-ஆம் நாள் காலையில் பார்த்தபோது அது இறந்து கிடந்தது. அதற்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை. சில நாள் கழித்து மேரி தம் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்தார். குழந்தை இறக்கவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பின் அருகே வைத்துத் தேய்த்துக் கொடுத்ததும் உயிர் வந்தது என்பது அந்தக் கனவு. விழித்தால் குழந்தை இல்லை.

இதைப் படித்ததும் நூலக மேசையில் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முதல் நாள் இரவு என் நெஞ்சில் வந்து உட்கார்ந்த கனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாவல் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வானத்தில் பரவிய துகள் கதிரவனின் ஒளியை மறைத்தது. அதனால் 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த வில்லா டியோடாட்டிக்கு அருகே ஷெல்லியும் மேரியும் கிளேரும் இருந்தார்கள். மேரியின் இடுப்பில் ஜனவரியில் பிறந்த வில்லியம். வெளியே ஓயாத மழை. பொழுது போக்க ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். எங்கள் விடுதி அறையில் நடந்ததைப் போன்ற ஒரு பந்தயந்தான். பைரன் சில பக்கங்களோடு நிறுத்திவிட்டார். அவருடைய மருத்துவர் பொலிடோரி பின்னர் இரத்தம் குடிக்கும் பேயைப் பற்றி ஒரு கதை எழுதினார். அது 1819-இல் வெளிவந்தது. மேரிக்கோ பல நாள் எதுவும் தோன்றவில்லை. கதை கிடைத்ததா என்று நாள்தோறும் கேட்கும்போது இல்லை என்று சொல்ல நேர்ந்தது.

ஓர் இரவு பைரனும் ஷெல்லியும் உயிரின் தோற்றத்தைப் பற்றிப் பேசியதை மேரி கேட்டுக்கொண்டிருந்தார். கால்வானி மின்சாரத்தால் தவளையின் கால்களைத் துடிக்கவைத்ததும், அவருடைய உறவினர் ஆல்டினி 1803-இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனுடைய உடலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காட்டியதும் அக்காலத்தில் எல்லாரும் பேசிய செய்திகள். அன்று இரவு படுக்கையில் தூக்கமும் விழிப்பும் அல்லாத நிலையில், தான் செய்த உருவத்தின் அருகே மண்டியிட்டிருக்கும் மாணவன் ஒருவனை மேரி கண்டார். கதை கிடைத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 18. நம்மில் பலருடைய வயது.

பேய்க்கதைக்காகக் கூடிய அந்த இடத்தில் உயிரையும் மின்சாரத்தையும் பற்றிப் பேசிய ஆண்கள் அறிவாளிகள். ஆனால் குளிர்ந்துபோன உடலை நெருப்பருகே வைத்துத் தேய்த்து உயிர் வருவதைக் கனவில் கண்டவர் ஒருவர்தான் அங்கே இருந்தார். இது என் கருத்து. அறிஞர்கள் வேறு காரணமும் சொல்லலாம். என்னால் அந்த மார்ச்சு மாதத்துக் கனவையும் இந்த ஜூன் மாதத்துக் கனவையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நூலை எழுதிக்கொண்டிருந்த மாதங்களிலும் சாவு அவர் வீட்டை விட்டு விலகவில்லை. தாயின் மூத்த மகளான ஃபேனி, யாருக்கும் சுமையாக இருக்க விரும்பாமல், 1816 அக்டோபரில் சுவான்சி நகரத்து விடுதியில் நஞ்சுண்டு இறந்தார். எழுதி வைத்த கடிதத்தில் பெயர் இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் ஷெல்லியின் மனைவி ஹேரியட்டின் உடல் இலண்டன் ஹைடு பூங்காவின் ஏரியில் மிதந்தது. டிசம்பர் 30-ஆம் நாள் ஷெல்லியும் மேரியும் முறைப்படி மணம் செய்துகொண்டார்கள். மேரியைக் குற்றமற்றவர் என்று சொல்ல நான் வரவில்லை. கைவிடப்பட்டவர்களின் கதையை எழுதியவர், ஒருத்தி கைவிடப்பட்டதில் தமக்கும் பங்கு இருந்ததை உணர்ந்தே வாழ்ந்தார். தம்முடைய பிற்காலத் துயரங்கள் ஹேரியட்டின் சாவுக்குக் கழுவாய் என்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் நாட்குறிப்பில் எழுதினார்.

1818-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ‘பிராங்கன்ஸ்டைன்’ மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அச்சிட்டவை 500 படிகள். ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையை ஷெல்லி எழுதியிருந்தார். காட்வினுக்கு நூல் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. ஆகவே ஷெல்லியே ஆசிரியர் என்று பலர் எண்ணினார்கள். பெரிய நாவலாசிரியரான வால்டர் ஸ்காட்டும் அப்படியே எண்ணிப் பாராட்டினார். பெயரில்லாத குழந்தையைப் பெற்றவர், பெயரில்லாத மனிதனைப் படைத்து, பெயரில்லாத நூலில் அவனை உலகுக்கு அனுப்பினார்.

அந்த நாவலில் படைக்கப்பட்டவன் கொல்லும் முதல் உயிர் ஒரு சிறுவன். பெயர் வில்லியம். தம் கைக்குழந்தையின் பெயரையே மேரி அந்தச் சிறுவனுக்கு வைத்திருந்தார். 1818-இல் அவர்கள் இத்தாலிக்குப் போனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மகள் கிளாரா வெனிஸ் நகரத்தில் இறந்தாள். அடுத்த ஜூனில் ரோம் நகரத்தில் வில்லியமும் இறந்தான். நவம்பரில் பிறந்த பெர்சி ஃபுளோரன்ஸ் ஒருவன் மட்டுமே பிழைத்து வளர்ந்தான். 1822-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் ஷெல்லி சென்ற படகு புயலில் கவிழ்ந்தது. கரையில் ஒதுங்கிய உடலை வியாரெஜ்ஜோ கடற்கரையில் எரித்தார்கள். மேரிக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை.

1823-இல் மகனோடு இலண்டன் திரும்பினார். அப்போது அவருடைய நாவல் நாடகமாக மேடையேறியிருந்தது. போய்ப் பார்த்தார். நடிகர் பெயர்ப் பட்டியலில், படைக்கப்பட்டவனுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் இருந்தன. அது அவருக்குப் பிடித்திருந்தது. அதே ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் பெயர் முதன்முதலாக அச்சேறியது.

பிறகு அவர் எழுதியே வாழ்ந்தார். ஷெல்லியின் தந்தை சர் திமோதி, பேரனுக்காகச் சிறு தொகை கொடுத்தார். தம் மகனுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. மேரி நிபந்தனையை மீறவில்லை. 1839-இல் ஷெல்லியின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு என்ற பெயரில் கணவரின் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். கணவருக்கு நிலைத்த பெயரை வாங்கிக் கொடுத்ததில் அந்தப் பதிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1851-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், 53-ஆம் வயதில், மேரி இலண்டனில் காலமானார். போர்ன்மத் நகரில் அவரை அடக்கம் செய்து, தாய் தந்தையரின் எச்சங்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினோராம் நாளில் பிரிந்த தாயோடு அவர் ஒன்றாக உறங்குவது இப்போது அங்கேதான்.

நூலகத்திலிருந்து வந்து நாவலின் கடைசிப் பகுதியை மறுபடியும் படித்தேன். விக்டரைத் துரத்தித் துன்புறுத்தியவன் செய்த கொலைகள் சிறியவை அல்ல. சிறுவன் வில்லியம், அந்தப் பழிக்காகத் தூக்கிலேற்றப்பட்ட வேலைக்காரப் பெண் ஜஸ்டின், நண்பன் கிளர்வல், மணநாள் இரவில் எலிசபெத்து. எதையும் நியாயப்படுத்த முடியாது, மேரியும் நியாயப்படுத்தவில்லை. அவனே தன்னை மன்னிக்கவில்லை. வடதுருவக் கடலில், பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு கப்பலில், இறந்து கிடக்கும் விக்டரின் மேல் குனிந்து அவன் அழுகிறான். கைவிட்ட தந்தையின் உடலருகே வந்து அழும் மகனாகத்தான் அவன் எனக்குத் தெரிந்தான். விக்டர் செய்த குற்றம் உயிரைப் படைத்தது அன்று. படைத்த பிறகு நீட்டிய கையைப் பிடிக்காமல் ஓடியது.

மேரி ஓடவில்லை. 1831-இல் வந்த திருத்திய பதிப்புக்குத் தாமே முன்னுரை எழுதினார். தம் நூலைக் கோரமான குழந்தை என்றே அதில் குறிப்பிட்டார். குறிப்பிட்டு, அது உலகில் சென்று செழிக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். விக்டருக்கு வராத சொல் அது. அழகில்லாத பிள்ளையைத் தம்முடையது என்று ஒப்புக்கொண்டு, தம் பெயரைக் கொடுத்து, வாழ்த்தி அனுப்பிய தாயை அந்த முன்னுரையில் கண்டேன்.

பந்தயத் தேநீர் கிடைத்தது. ஏழு நாளும் நண்பர் தவறாமல் வாங்கிக் கொடுத்தார். அதில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒன்று நடந்தது. கடையில் தேநீர் கொண்டுவந்து வைக்கும் இளைஞனை, எல்லாரும் அழைப்பதுபோல் நானும் சோட்டு என்றே இரண்டு ஆண்டுகளாக அழைத்து வந்தேன். சிறியவன் என்று அதற்குப் பொருள். அவன் என்னைவிட உயரம். அன்று குவளையை வாங்கிக்கொண்டு, உன் பெயர் என்ன என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். ஏதோ தவறு செய்துவிட்டோமோ, முதலாளியிடம் சொல்லப் போகிறார்களோ என்று அவன் முதலில் அஞ்சினான். அந்த நாவல் எனக்குக் காட்டாத அச்சத்தை அந்த முகத்தில் பார்த்தேன். பிறகு சொன்னான்.

அந்தப் பெயரை இங்கே அச்சிட வேண்டியதில்லை. நண்பர்கள் தேநீர் குடிக்கப் போகும்போது தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.